மஞ்சளை விற்றவள்

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். ஹெல்யாவுக்கு அந்தக் கணக்கு தவறிப்போய், ஆடை முக்கால் பங்கும் ஆள் கால் பங்கும் ஆகிவிட்டிருந்தது. ஊர் நூலகத்தில் பிள்ளைகள் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் அவள். மஞ்சள் கம்பளிச் சட்டை, சிவப்புப் பாவாடை, கோடு போட்ட காலுறை என்று அவள் வந்து நின்றாலே பகலிலும் கவிந்திருக்கும் நவம்பர் இருட்டு கொஞ்சம் விலகி நிற்கும். அந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்திருக்க முடியுமா? சிரித்தாள், குதித்தாள், கையில் பொம்மையை மாட்டிக்கொண்டு கரடிக் குரலில் பேசினாள். பல வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாள் காலையில் எதை உடுத்துவது என்று அலமாரி முன் நின்றவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. மருத்துவர் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

ஒரு வருஷம் கழித்து இப்போது திரும்பப் போகிறாள். போகிற இடத்தில் புதுத் தொல்லை ஒன்று காத்திருந்தது. அடுத்த கோடையிலிருந்து பிள்ளைகள் பிரிவுக்கு ஓர் ஆள் போதும் என்று நகரசபை சொல்லிவிட்டது. ஹெல்யா ஒருத்தி. அவளுக்கு உதவியாளாக வந்து, இந்த ஒரு வருஷமாக அவள் வேலையையும் சேர்த்துச் செய்த சுவி இன்னொருத்தி. இருவரில் யார் என்பதை நூலகத் தலைவி கிர்சி வசந்தத்தில் சொல்வாள். ஹெல்யாவுக்கு அந்த வேலை வேண்டும். அதை விட்டால் அவளுக்குத் தெரிந்த வேறு உலகம் இல்லை. ஆனால் மறுபடியும் அது தன்னைத் தின்றுவிடக் கூடாது என்ற பயமும் அதே அளவு இருந்தது.

அலமாரியைக் காலி செய்ய அக்கா விர்ப்பி வந்தாள்.

“காலையில எழுந்து யோசிக்கவே கூடாதுடி. கண்ணை மூடிக்கிட்டு கைய விட்டா, எது வந்தாலும் எதோடயும் சேரணும்,” என்றாள்.

கறுப்பில் இரண்டு கால்சட்டை, வெள்ளையும் சாம்பலுமாக நாலைந்து மேல்சட்டை, கருநீலத்தில் ஒரு கோட்டு, சாம்பல் கம்பளிச் சட்டை ஒன்று. ஹெல்யா நிறுத்திக்கொண்டது இவ்வளவுதான். மஞ்சளையாவது வைத்துக்கொள் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். அதைப் போட்டால் நான் சிரித்தாக வேண்டும் என்று ஹெல்யா சொல்லிவிட்டாள். சாம்பலைப் போட்டுக்கொண்டு நின்றவளை விர்ப்பி மேலும் கீழும் பார்த்தாள்.

“சவப்பெட்டி தூக்கப் போறவ மாதிரி இருக்கே.”

“அவங்கள யாரும் குதிக்கச் சொல்றதில்லையே.”

மீதியெல்லாம் பழைய சாமான் கடைக்குப் போயிற்று. எங்கள் ஊரில் அந்தக் கடையில் ஓர் அலமாரியை வாரவாடகைக்கு எடுத்து, நம் துணிகளை நாமே விலை எழுதி மாட்டிவிட்டு வந்துவிடலாம். கல்லாவில் இருப்பவர்கள் விற்றுக் கொடுப்பார்கள். சின்ன ஊர். குவோப்பியோ நகரத்திலிருந்து வடக்கே வருகிற ரயில் ஒரு நிமிஷம் நின்று போகும், அவ்வளவுதான். ஆகவே யார் உடம்பில் யார் சட்டை ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பதுதான் மரியாதை. பார்த்தும் கேட்காமல் இருப்பதை நாங்கள் பிள்ளைக்குப் பால் புகட்டும்போதே சேர்த்துப் புகட்டிவிடுகிறோம்.

ஹெல்யா வேலைக்குத் திரும்பிய அன்று, வாசலில் அவளை வரவேற்றது அவளுடைய மஞ்சள் சட்டை. சட்டைக்குள் சுவி இருந்தாள்.

சட்டையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காப்பி மேசையில் பனியைப் பற்றிப் பேசினார்கள், இலவங்கப்பட்டை ரொட்டி தின்றார்கள். பிள்ளைகள் ஓடி வந்து மஞ்சளைக் கட்டிக்கொண்டன. சாம்பலை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஹெல்யாவுக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பழைய எரிச்சல் கிளம்பியது. போன வருஷம், விடுப்புக்கு முன்னால், தன் கை நடுங்கி, புத்தகங்கள் கையிலிருந்து நழுவி விழுந்தபோதும் இவர்கள் இப்படித்தான் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இந்த மனத்தாங்கலை வருஷம் முழுக்கச் சோறு போட்டு வளர்த்திருந்தாள்.

சாம்பலில் நாள்கள் நன்றாகவே போயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் யோசனை இல்லை. கேட்டவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தாள், வீட்டுக்குப் போனாள், தூங்கினாள். ஆனால் கதை நேரம் சுவியிடமே இருந்தது. குதிப்பும் கரடிக் குரலும் இப்போது அவளுடையவை. பெற்றோர் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். ஒரு நாள் கிர்சி ஹெல்யாவைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைகளுக்குப் பழைய ஹெல்யாதான் வேண்டும், அவளைக் கொஞ்சம் வெளியே வரச் சொல் என்றாள். அதன் அர்த்தம் ஹெல்யாவுக்குப் புரிந்தது. பழையவள் வந்தால் வேலை உண்டு.

பிப்ரவரியில் ஒரு நாள், கதை நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு, பின்னறைக்குப் போனாள். சுவி புத்தக அடுக்கின் இரும்பில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். மேசையில் காப்பி ஆறி ஆடை படிந்து கிடந்தது. மஞ்சள் சட்டைக் கைகளுக்குள் விரல்கள் நடுங்கின.

ஹெல்யாவுக்கு அந்த நடுக்கம் தெரியும். அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனால் போதும், வசந்தத்துக்குள் பழம் தானாக மடியில் விழும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அதுதானே மரியாதை. அவள் கை கதவுப்பிடியில்தான் இருந்தது.

“சுவி, நல்லா இருக்கியா?”

சுவி நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு ஓடி வந்து ஒட்டிக்கொண்டது. “நல்லாத்தான் இருக்கேன்.”

“அது என் சட்டை,” என்றாள் ஹெல்யா. சொல்ல நினைத்தது வேறு.

“தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினேன். இதைப் போட்டா என்னையும் எல்லாருக்கும் பிடிக்கும்னு நெனச்சேன்.”

“அதைப் போட்டுக்கிட்டு நான் நடுங்கினப்ப இங்க ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல.”

“நான் கேட்டேன்,” என்றாள் சுவி. “இதே எடத்துல. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு, பொம்மைய எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க. இப்ப நீங்க எதுக்குக் கேக்கறீங்கன்னும் தெரியும். வேலைக்காகத்தானே?”

ஹெல்யா நினைவில் தேடிப் பார்த்தாள். இருந்தது. அந்தக் கேள்வியும், அதைக் கேட்ட இளம் முகமும், அதன்மேல் தனக்கு வந்த கோபமும் அங்கேதான் கிடந்தன. வருஷம் முழுக்க ஊரையே திட்டியிருந்தாள். கேட்டவள் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வெட்கம் காதுவரை ஏறியது. வேலைக்காக இல்லை என்று சத்தியம் செய்யவும் அவளால் முடியவில்லை.

எங்கள் ஊரில் ஒரு தடவை கேட்பதே அதிகம். இரண்டாவது தடவை கேட்பவர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறார் என்று அர்த்தம்.

“அதுக்காகவும் இருக்கலாம்,” என்றாள் ஹெல்யா. “அன்னைக்கு நீ ஒரு தடவை கேட்டே. நான் ரெண்டாவது தடவை கேக்கறேன். நல்லா இருக்கியா?”

சுவியின் உதடு கோணியது. “இல்ல,” என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே பிள்ளைகள் காத்திருந்தன. வேறு வழியில்லாமல் ஹெல்யா போனாள். சாம்பலில் போனாள், பொம்மையை எடுக்கவில்லை. மஞ்சள் அக்கா எங்கே என்று ஒரு சிறுமி கேட்டாள். களைத்துப்போயிருக்கிறாள் என்று ஹெல்யா உள்ளதையே சொன்னாள். தன் சொந்தக் குரலில், மெதுவாகப் படித்தாள். குரல் எட்டாததால் பிள்ளைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து நகர்ந்து அவள் முழங்காலை ஒட்டி வந்துவிட்டன. எவ்வளவு காலம் கழித்து இப்படி ஒரு சந்தோஷம்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிர்சி நின்று பார்த்துத் தலையாட்டினாள். வசந்தம் வருவதற்கு முன்பே முடிவு தன் பக்கம் ஆகிவிட்டது என்பது அந்தத் தலையாட்டலில் தெரிந்தது.

கிர்சிக்குப் பின்னால் சுவி போய்க்கொண்டிருந்தாள், கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல்.

பின்னறையில் மஞ்சள் சட்டை ஆணியில் தொங்கியது. ஹெல்யா அதை எடுத்து மடித்தாள். சுவியின் உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை. மடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அதை யாரிடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.