மூலமொழியில் ஒருமுறை

ஸல்ஹாவின் கண் முதலில் போனது அந்த ஆளின் சப்பாத்தில்தான். மண்டபத்தில் எல்லாரும் செருப்போடு வந்திருக்க, கடைசி வரிசையில் வாசலை ஒட்டிய கதிரையில் இருந்தவர் மட்டும் கறுப்புச் சப்பாத்தை மினுக்கிப் போட்டிருந்தார். சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, கையில் போனை வைத்திருந்தார். கவிதை கேட்க வருகிற முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. கேட்டதை மேலிடத்துக்குச் சொல்ல வருகிற முகத்தை இந்த ஊரில் சின்னப்பிள்ளையும் சொல்லிவிடும்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த மாடி மண்டபம் அது. 'உலகக் கவிதை மாலை' என்று பனர் கட்டியிருந்தார்கள். இன்றைக்கு உலகத்தின் பல மூலைகளில் எழுதிக்கொண்டிருக்கிறவர்களின் கவிதைகளை, ஆளுக்கொன்றாகத் தமிழாக்கி வாசிக்க வேண்டும். ஒழுங்கு செய்த சுகிர்தனுக்கு வங்கியில் வேலை. கவிதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவன் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று: முதலில் மூலமொழியில் ஒருமுறை, பிறகு தமிழில். கொரியாவில் தொழிற்சாலை வேலை செய்துவிட்டு வந்த டிலக்சன் கொரியக் கவிதையை வாசித்து, பாதி தனக்கே விளங்கவில்லை என்றான். சனம் சிரித்துக் கைதட்டியது. கொரிய மொழிக்குத் தாராளமாகக் கைதட்டலாம். ஸல்ஹா கொண்டு வந்திருந்ததோ அறபுக் கவிதை.

உண்மையில் அது தம்பி இல்ஹாமிடமிருந்து வந்த கவிதை. கட்டாரில் ஹோட்டல் வேலை செய்த காலத்தில், கூட நின்ற ஒருவன் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஊருக்கு வந்தும் வாய் ஓயாமல் சொல்லித் திரிந்தான். ஒரு பெண் ரொட்டிக்கு மாப் பிசைகிறாள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான் கவிதை. ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் ஊர்களில் வீடு வீடாகச் சோதனை வந்தபோது, அவர்களுடைய குறிஞ்சாக்கேணியில் அறபெழுத்து இருந்த தாளெல்லாம் அடுப்புக்குப் போனது. ஸல்ஹா கட்டாரிலிருந்து வந்த ரைஸ்குக்கரின் விளக்கப் புத்தகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. குர்ஆனை மட்டும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் அலுமாரிக்குள் கிடந்த கவிதைத் தாள்கள் அவள் நினைவுக்கே வரவில்லை. குக்கர் தப்பியது, அந்தத் தாள்களோடு தம்பியைப் பொலிசார் கொண்டுபோனார்கள். அவை வெறும் கவிதைகள் என்று அவர்களுக்கு விளங்க மாதக்கணக்கானது. திரும்பி வந்தவன் தொழுகைக்குத் தவிர வேறெதற்கும் அறபில் வாய் திறப்பதில்லை.

இன்றைக்கு அவளை மோட்டார்சைக்கிளில் ஏற்றி வந்ததும் அவன்தான். கீழே வேப்பமரத்தடியில் நின்றான். மாடிக்கு ஏறுமுன்பே அவனிடம் சொல்லியிருந்தாள்.

"என்ன நடந்தாலும் நீ மேல வராத."

"நான் ஏன் ராத்தா வாறன்," என்றான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

இப்போது அவள் சுகிர்தனைத் தூண் பக்கம் கூப்பிட்டாள். "கடைசில இருக்கிறது ஆரு?"

"வழமையா வாறவர்தான் டீச்சர். கூட்டம் வைச்சா புலனாய்வில இருந்து ஒராளை அனுப்புவினம். தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போயிடுவார்."

"நான் தமிழ்ல மட்டும் வாசிக்கட்டா?"

சுகிர்தன் அவள் முகத்தைப் பார்த்தான். தன் சட்டத்தைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. "ஓம், அது உங்கட விருப்பம்," என்றான்.

தமிழில் வாசித்தாள். வார்த்தைகள் அவளுடையவைதான், ஒவ்வொன்றையும் எத்தனையோ முறை தட்டிக்கொட்டிச் சேர்த்தவை. கடைசி வரிகளில் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

*தட்டுகிறவரே, சற்றுப் பொறும்,*
*கையெல்லாம் மா.*
*கதவு பூட்டவில்லை.*

கைதட்டல் ஓய்ந்தது. தப்பினோம் என்று இறங்கக் காலெடுத்தவளை ஒரு குரல் நிறுத்தியது.

"மிஸ், அறபு வாசிக்க இல்லையா?"

கடைசிக் கதிரைக்காரர்தான் கேட்டார். சிங்களம் கலந்த தமிழ், மரியாதையான குரல். மற்ற எல்லாரும் இரண்டு மொழியிலும் வாசித்தார்களே என்றார். ஆசைப்பட்டுக் கேட்கிறாரா, ஆழம் பார்க்கிறாரா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. வாசிக்காவிட்டால் மறைக்கிறாள் என்றாகும். வாசித்தால் அந்தப் போனுக்குள் போய்விடும். அவள் பெயரைப் பிடித்தால் அடுத்ததாகத் தம்பியின் பெயர்தான் வரும். போன் மெல்ல உயர்ந்து அவளைப் பார்த்தது.

மைக்கைப் பிடித்தாள். முதல் வரி வெளியே வந்தபோது அது தன் குரல்தானா என்று இருந்தது. ஒலிபெருக்கி ஒன்று வெளியிலும் கட்டியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடலைப் பார்த்துப் போகிற அந்தத் தெருவெல்லாம் அவளுடைய அறபு கேட்டது. வாசித்தபடியே யன்னலால் கீழே பார்த்தாள். வேப்பமரத்தடியில் மோட்டார்சைக்கிள் நின்றது. அவனைக் காணவில்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம்.

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி இல்ஹாம் வாசலில் நின்றான். போ, போ என்று கண்ணால் கெஞ்சினாள். அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தான். மண்டபத்தில் ஒரேயொரு கதிரை வெறுமையாக இருந்தது. அந்த ஆளின் பக்கத்துக் கதிரை. நேரே போய் அதில் இருந்தான். அவனது உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன.

ஸல்ஹா அந்த உதடுகளைப் பார்த்தபடி நிறுத்திவிட்டாள். ஒரு வரிதான் பாக்கி. மண்டபம் அவளுக்காகக் காத்திருந்தது.

கடைசி வரிசையிலிருந்து அந்த வரி வந்தது, அறபில், தயங்காத ஓர் ஆண்குரலில்.

போன் மெதுவாகத் திரும்பி அவன் முகத்துக்கு நேரே நின்றது.