நான்கு விரல் உயரப் பெட்டி

ஆம்ப்ளிபயர் பெட்டியின் உயரம் நான்கு விரல், அகலம் ஒரு சாண். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டிக்காரர் அதன் மூடியைக் கழற்றிக் கையை விட்டபோது, தோள்வரை போயும் அடி தட்டுப்படவில்லை. ஸ்க்ரூடிரைவர் கைநழுவி உள்ளே விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்ட பிறகுதான் அது தரையில் பட்ட சத்தம் வந்தது.

அலுமினியத் தகட்டை வெட்டி மடித்துப் பெட்டி செய்வது அவர் வேலை. அதற்குள் ஒயர் போட்டு, சால்டர் வைத்து, பேச வைப்பது அவர் மனைவியின் வேலை. தெருவில் அவளுக்கு ஒயரிங் அக்கா என்று பெயர். கல்யாணமாகி எட்டு வருஷம். வீட்டின் முன்னறையைத் தகடு மடிக்கும் மெஷின் பிடித்துக்கொண்டது. பின்னறையில் அடுப்பு, கட்டில், இரண்டுக்கும் நடுவே அவள் மேஜை. முழங்கையை நீட்டினால் சுவரில் இடிக்கும். பெட்டிகளை வாங்கி விற்கும் கடைக்காரரோ வருஷாவருஷம் பெட்டி சின்னதாக வேண்டும் என்றார், அலமாரியில் புத்தகத்தோடு புத்தகமாக நிற்க வேண்டுமாம். பெட்டிக்காரருக்கு அது ஒரு வீம்பாகவே ஆகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு விரல் குறைத்தார். குறைத்த ஒவ்வொரு விரலுக்கும் ஸ்பீக்கரில் ‘உம்’ என்று ஒரு முனகல் கூடியது.

“டிரான்ஸ்பார்மரை ஒட்டி இன்புட் ஒயர் போனா முனகத்தான் செய்யும். நடுவுல கொஞ்சம் இடம் விடுங்க” என்பாள் அவள்.

“இடம் இடம்னு உயிரை வாங்காத. இருக்கிறதுல அடக்கு” என்பார் அவர். ஜன்னலோரம் மேஜையைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டபோதும் இதே பதில்தான். கடைசியாக, கடைக்காரர் எதிரில், “இவளுக்கு மைதானத்தையே எழுதி வச்சாலும் பத்தாது” என்று சொல்லிச் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். அவள் நான்கு நாள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தாள். எந்த ஒயருக்கு எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவையும் கொடுத்தாள். பெட்டி அதற்கு இணங்கிப் போனது. புதன்கிழமை சாயங்காலம் மூடியை முடுக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். “பெட்டி முடிஞ்சிருச்சு. நான் இனி வர்ற மாதிரி இல்ல, சொல்லிடுங்க” என்று பக்கத்து டெய்லரிடம் தகவல் விட்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர் சுவிட்சைப் போட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தார். முனகல் துளியும் இல்லை. பெட்டி வேலையே செய்யவில்லை போலிருக்கிறது என்று எண்ணித்தான் மூடியைக் கழற்றினார்.

தொழில் தெரிந்தவர் என்பதால் பிளக்கை முன்பே பிடுங்கியிருந்தும், கெப்பாசிட்டரில் தங்கிய கரண்ட் வடியும்வரை காத்திருந்தார். பிறகு பரண் ஏணியை உள்ளே இறக்கி, டார்ச்சோடு இறங்கினார். ஒரு சாண் அகலத்தில் ஆள் எப்படி நுழைய முடியும் என்று பின்னால் கேட்டவர்களிடம், பக்கவாட்டில் திரும்பித்தான் என்றார்.

உள்ளே அவர் மடித்த அலுமினியச் சுவர்கள் பார்வைக்கு எட்டாத தூரத்தில் மங்கலாக மின்னின. கரண்ட் கொண்டுவரும் மெயின்ஸ் ஒயர் இரண்டும் ஜடைபோல் முறுக்கிக்கொண்டு, சாணுக்கு ஒரு கட்டோடு, அடிவானம்வரை ஓடின. பாட்டைக் கொண்டுவரும் இன்புட் ஒயர் எதிர்ச்சுவரோரமாகத் தன்னந்தனியே போனது. ஒன்றை ஒன்று தாண்ட வேண்டிய இடத்தில் நாற்சந்திபோல் நேர்க்குறுக்காகத் தாண்டின; எந்த வளைவிலும் ஓர் அவசரம் இல்லை. மத்தியானம்வரை நடந்தார். எல்லாத் திசையிலிருந்தும் வந்த எர்த் ஒயர்கள் ஒரே ஒரு போல்ட்டில் கூடும் இடத்தை அடைந்தபோது கால் தானாக நின்றது. அங்கே இருந்த அமைதியில் தன் ரத்தம் ஓடும் சத்தம் அவருக்குக் கேட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். போல்ட்டின் அருகே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு, ஒயர் எதுவும் போகாமல், பெருக்கிச் சுத்தம் செய்த இடம் இருந்தது. எட்டு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டதும் அவ்வளவுதான். அவர் அதில் உட்காரவில்லை. பக்கத்தில் நின்று அழுதார்.

வெளியே வந்த கையோடு மைத்துனி வீட்டுக்குப் போனார். “வாங்க மாப்பிள்ளை” என்ற மைத்துனி, நாற்காலியைக் காட்டினாள். மனைவி கதவோரம் நின்றாள்.

“முனகுதா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“உள்ள போய்ப் பார்த்தேன்.”

அவள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். “எவ்வளவு தூரம் போனீங்க?”

“எர்த் போல்ட்டு வரைக்கும்.”

“பாதிதான் பார்த்திருக்கீங்க.”

அவர் தலை குனிந்தார். “நான் சொன்னது தப்பு. கடைக்காரர் எதிர்ல சொன்னது ரொம்பத் தப்பு. மெஷினை வெளித் தாழ்வாரத்துக்கு மாத்திடறேன். அந்தப் பெட்டிக்கும் ஸ்க்ரூ வேண்டாம், கீல் வச்ச மூடி போட்டுத் தர்றேன்.”

அவள் அன்றைக்கு வரவில்லை. மெஷின் இடம் மாறியதை டெய்லரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

கடைக்காரருக்கு வேறு பெட்டி போனது. அதற்கடுத்த வருஷங்களில் அவர்கள் செய்த பெட்டிகள் எல்லாமே உள்ளுக்குள் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தன. வாங்கியவர்கள், பாடுகிறவர் பக்கத்து ஊரிலிருந்து நடந்து வருவதுபோல் கேட்கிறது என்றார்கள். யாரும் திருப்பித் தரவில்லை. வீடு அளக்க வந்த வரி அலுவலர் மட்டும் மூடியைத் திறந்து பார்த்தார், சட்டத்தில் வெளியளவுதான் கணக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதல் பெட்டி முன்னறை அலமாரியில் இருக்கிறது. ஒயரிங் அக்காவைத் தேடி யாராவது வந்தால், “உள்ள இருக்கா, கொஞ்சம் தூரமாப் போயிருப்பா” என்கிறார் பெட்டிக்காரர். வந்தவர்கள் செருப்பை விட்டுவிட்டு, உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.