நான்கு விரல் தூரம்

என் அடுப்படி ஜன்னலுக்கு நேரே அவர்கள் வீட்டுக் கூடத்து ஜன்னல். திரை போட வேண்டியது அவர்கள் பாடு. போடாதபோது பார்ப்பது என் குற்றமில்லை.

அந்த வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்து மூன்று வருஷம் ஓட்டியவர். புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றதும் ரோபோ ஆபரேஷனுக்குப் போனார். போகும்முன் மாடிப்படியில் என்னிடம் பெருமை வேறு: “டாக்டர் ஒரு மூலையில உக்காந்து ஓட்டுவாராம்க்கா. காலடியில பெடல்கூட இருக்காம். நம்ம ஆளுதான்!”

புற்று போயிற்று. கூடவே, இடுப்புக்குள் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது வலது தொடைக்குப் போகும் நரம்பு ஒன்றும் அறுந்தது. டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அங்கேயே மயிரிழை நூலால் தைத்தும் விட்டாராம். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், பொறுங்கள் என்றார். மனிதர் நடக்கிறார், மாடி ஏறுகிறார். காலை உள்பக்கம் இழுக்கத்தான் முடியவில்லை. நமக்கென்றால் கால் மேல் கால் போட முடியாது, அவ்வளவுதான். டிரைவருக்கோ ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு வருவதே அந்த ஒரு இழுப்பில்தான்.

கூட்டாளி கண்டக்டர், பஸ்ஸில் இரண்டு பெடலுக்கும் இடையே அளந்து ஒரு கயிறு கொண்டுவந்தார். அந்த அளவுக்கு நாற்காலி முன்னால் இரண்டு செங்கல் வைத்தார்கள். கயிறு ஆணியில் தொங்கியது. மனைவி காய் நறுக்கிக்கொண்டே திடீரென்று “பிரேக்!” என்பாள். கால் பாதி வழியில் விழும்.

“ஏங்க, இப்ப ரெண்டு பேரு போய்ச் சேந்துட்டாங்க.”

“டிக்கெட் எடுத்தவங்களா?”

இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவர் முகத்தை என்னாலேயே பார்க்க முடியாது.

பிறகுதான் அதைக் கவனித்தேன். அவர் குளிக்கப் போன நேரம், கூடம் பெருக்கிக்கொண்டிருந்த மனைவி பிரேக் செங்கல்லை விளக்குமாற்றால் இம்மியளவு மற்ற செங்கல் பக்கம் தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள். அவர் கால் முதன்முதலாகச் செங்கல்லைத் தொட்ட அன்று மனிதர் குலுங்கி அழுதார். எந்த வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை ஊருக்குச் சொல்கிற நான், இதை மட்டும் சொல்லவில்லை.

ஏழாம் மாதம், டாக்டரிடம் காட்டக்கூடப் பொறுக்காமல், “நரம்பு வந்துடுச்சுக்கா!” என்று டெப்போவுக்குக் கிளம்பிவிட்டார்.

மதியமே கண்டக்டர் கொண்டுவந்து விட்டார். படியில் மறித்துக் கேட்டேன். “ஓட்டிக் காட்டச் சொன்னாங்க. கால் ரெண்டு பெடலுக்கும் நடுவுல இறங்கிடுச்சு. பக்கத்துல இருந்த இன்ஸ்பெக்டர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாரு. வண்டி சுவத்துல உரசி நின்னுச்சு. இனிமே நேரக் காப்பாளர் மேசைதான்.”

ஜன்னலுக்கு ஓடினேன். அவர் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்துச் செங்கல்களுக்கு நடுவே பிடித்தார். நான்கு விரல் மிச்சம் தொங்கியது. கயிறு காட்டிக்கொடுக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

“தினம் நீங்க உக்காந்திருந்த கோலம் தாங்கலைங்க,” என்றாள்.

அவர் கத்தவில்லை. குனிந்து செங்கல்லைப் பழைய இடத்தில் வைத்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.

“நீங்களும் பாத்துக்கிட்டுதானேக்கா இருந்தீங்க?”

இல்லாத வேலைக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.

நாற்காலி இழுபடும் சத்தம். “ம், சொல்லு,” என்றார்.

அவள் குரல், கேட்டும் கேட்காமலும்: “பிரேக்.”

வெறும் தரையில் குதிகால் விழுந்தது.

“இன்னொரு தடவை சொல்லு.”