பூட்டில்லாத வீட்டுச் சாவி

டாக்டர் கல்யாணராமன் மாதிரி கெட்டிக்காரரையும் நான் பார்த்ததில்லை, அவரைப்போல அப்பாவியையும் பார்த்ததில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்று அவர் ஆராய்ச்சி செய்தார். நோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது என் வேலை. கோச்சடை வீட்டிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார். மத்தியானத்துக்குள் புழுதியில் குளித்திருப்பார்.

ஒவ்வொரு வாசலிலும் நின்று, "உங்க வீட்ல யாருக்காவது வலிப்பு வருமா?" என்று நேராகக் கேட்பார். வயசுப்பெண் இருக்கிற வீட்டில் யார் ஆமாம் என்பார்கள்? கீழக்குயில்குடியில் நூற்றிருபது வீடு ஏறி இறங்கினோம். ஒருத்தருக்கும் இல்லையாம்.

"பாண்டியம்மா, இந்த ஊர்த் தண்ணியில ஏதோ விசேஷம் இருக்கு" என்று மனிதர் பூரித்துப்போனார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், கடைசியாப் போன வீட்டுல அந்த ஒச்சாயி அக்கா இடுப்புல சாவி சொருகியிருந்தாகளே, பாத்தீகளா?"

"பார்த்தேன். அதுக்கென்ன?"

"அவுக வீட்டுல பூட்டு எங்க இருக்கு? தட்டிக் கதவுதான கெடக்கு."

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பூட்டே இல்லாத வீட்டில் சாவி இருந்தால் அதற்காகத்தான் இருக்கும். டாக்டர் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு முதல் வீட்டிலிருந்து மறுபடி நடந்தோம், இந்தமுறை கதவுகளைப் பார்த்துக்கொண்டு. மூன்று வீடு அகப்பட்டது.

ஒச்சாயி வீட்டில் அவள் மகள் சின்னத்தாய்க்குத்தான் வலிப்பு. மாத்திரை கொடுத்த மூன்று மாதத்தில் அது எட்டியே பார்க்கவில்லை. அதற்குள் ஒத்தக்கடை வெள்ளைத்துரையோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"மாப்பிள்ளை வீட்ல சொல்லிடுங்கம்மா" என்று டாக்டர் கெஞ்சினார்.

"சொன்னா கல்யாணம் நின்னுபோகும்யா. பெறகு காலமெல்லாம் எம்மக இங்கனயேதான் கெடப்பா. நீங்களும் வாயத் தெறக்கக் கூடாது, சத்தியம் பண்ணுங்க."

நோயாளியின் ரகசியம் அவருக்கும் பெரிது. அதனால் சத்தியம் செய்தார். ஆனால் சின்னத்தாயைக் கூப்பிட்டு, "ஒரு நாள்கூட மாத்திரையை விட்டுடாதே" என்று மட்டும் மூன்று தடவை சொன்னார்.

ஒத்தக்கடையில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் கல்யாணம். நாங்களும் போயிருந்தோம். தாலி எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் சின்னத்தாய் மணையிலிருந்து சரிந்து விழுந்து வெட்டி இழுக்க ஆரம்பித்தாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வந்ததால் மூன்று நாளாக மாத்திரையை நெல்லுக் குதிருக்குள் ஒளித்து வைத்திருந்தாளாம் ஒச்சாயி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஒச்சாயி இடுப்பைத் துழாவுவதற்குள் இன்னொரு கை முந்திவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா சோணையம்மாள் தன் இடுப்புச் சாவியை உருவி மருமகள் கையில் திணித்திருந்தாள். வெள்ளைத்துரை பெண்ணின் தலையை மடியில் ஏந்தியிருந்தான். அவன் கை பதறவே இல்லை.

"சாவியெல்லாம் வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தானா நின்னுடும்" என்றபடி டாக்டர் மண்டியிட்டு உட்கார்ந்தார். இழுப்பு நின்றது. ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"எதுக்கு மதினி அழுகுற?" என்றாள் சோணையம்மாள். "இந்தச் சாவிய நான் எதுக்கு வச்சிருக்கேன்னு நெனச்ச? எங்க வீட்டுலயும் பூட்டுக் கெடையாது. முப்பது வருசமா எனக்கும் இதே சீக்குதான். ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நாங்களும் மறைச்சோம்."

ஒச்சாயியின் அழுகை பாதியில் நின்றது. முகூர்த்தம் தவறியிருந்தது, யாரும் அதைப் பேசவில்லை. சின்னத்தாய் தெளிந்து எழுந்து தண்ணீர் கேட்கும்வரை வெள்ளைத்துரை காத்திருந்து தாலி கட்டினான்.

பந்தியில் எங்கள் இலைக்கு எதிரே சோணையம்மாள் வந்து நின்றாள். "ஐயா, இதுக்கு மாத்திரை இருக்காம்ல? எனக்கும் குடுங்க."

டாக்டர் ரசம் சாதம் பிசைந்த கையோடு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அந்த நிமிஷத்தில் அவரை எனக்கு அம்புட்டுப் பிடித்தது. கையைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்து அவள் பெயரை எழுதினேன். நாங்கள் கேட்காமல், ஒருவர் தானாக வந்து சொன்ன முதல் பெயர் அது.