நாடா தேயவில்லை

"சிம்பல் கத்துகிறது. காது கூசுகிறது. மறுபடி வெட்ட வேண்டும்." இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலையிலிருந்து வந்த சீட்டில் இவ்வளவுதான் இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

முப்பத்தேழு வருஷமாக இசைத்தட்டு வெட்டுகிறவன் நான். ஒலிநாடாவில் பாட்டு ஓட ஓட, என் இயந்திரத்தின் ஊசி ஒரு வழுவழுப்பான தட்டில் அதைப் பள்ளமாகக் கீறும். அதிலிருந்து அச்செடுத்து ஆலையில் ஆயிரக்கணக்கில் அடிப்பார்கள். அதற்கு முன்னால் ஐந்தே ஐந்து மாதிரித் தட்டு அடிப்பார்கள். அவற்றை ஆலையில் அதற்கென்றே இருக்கும் அம்மா ஒருவர் உட்கார்ந்து கேட்பார். அவரும் நானும் கையெழுத்துப் போட்டால்தான் மற்றது நகரும். பதினோரு வருஷத்தில் அவர் என் வேலையைத் திருப்பி அனுப்பியதில்லை.

இந்த முறை வந்தது ஒரு ஜாஸ் ஆல்பம். ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு பியானோக்காரரும் ஒரு சாக்ஸபோன்காரரும் சேர்ந்து, துணைக்கு ஒரு டிரம்ஸ்காரரோடு, இரண்டே நாளில் வாசித்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் சேர்ந்து வாசித்ததில்லை. கனத்த தட்டு, கெட்டி அட்டை, மூல நாடாவிலிருந்து நேரே வெட்டியது என்று மறுபதிப்புக்கு விளம்பரம் தடபுடலாக இருந்தது. வாங்கப் போகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஸ்பீக்கர் ஒயரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினால் நல்லது என்று வருஷக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள். தட்டில் ஒரு தூசி இருந்தால் அதன் பூர்வீகம்வரை சொல்லிவிடுவார்கள்.

இதைப் போடுகிற எங்கள் கம்பெனி முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். "நாடாவுல என்ன இருக்கோ அது அப்படியே வரணும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

நான் கூட்டினேன். நாடாவைப் போட்டதுமே டிரம்ஸ்காரரின் சிம்பல், அந்தப் பித்தளைத் தாளம், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பழைய நாடா, கீச்சென்று எழும் மேல் சத்தமெல்லாம் தேய்ந்துபோயிருக்கும் என்று நானே முடிவு கட்டி, கொஞ்சம் ஏற்றினேன். போதவில்லை. இன்னும் ஏற்றினேன். சிம்பல் பளிச்சென்று எழுந்து வந்தது. பள்ளம் முடிகிற இடத்தில் வெட்டியவன் தன் முதலெழுத்தைக் கீறிவைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு ரொம்பப் பெருமையாகக் கீறினேன்.

ஆகவே ஆலையம்மாவுக்குப் போன் போட்டுக் குதித்தேன்.

"என்னம்மா கத்துது? உங்க காதுல அழுக்கு இருக்கும். எடுத்துட்டு மறுபடி கேளுங்க."

"மூணு தடவ கேட்டுட்டேன் சார். பல்லெல்லாம் கூசுது."

"நீங்க என்ன, பல்லாலயா கேக்குறீங்க?"

"நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புங்க சார், நானும் போட்டுடறேன். ஆனா பேரு உங்களுது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பியானோக்காரரே கூப்பிட்டார். அவருக்கும் ஒரு மாதிரித் தட்டு போயிருந்தது. எண்பத்தெட்டு வயசு.

"தம்பி, வெட்டினது நீங்கதானா?"

அறுபத்திரண்டு வயசில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் கிடைத்ததில் எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

"ஆமாங்கய்யா."

"கொஞ்ச வருஷமா இந்த ஆல்பத்தை எப்பப் போட்டாலும் டிரம்ஸ்காரன் பக்கத்து ரூம்ல உக்காந்து வாசிச்ச மாதிரியே இருந்துச்சு. இதுலதான் அவன் என் பக்கத்துல இருக்கான். அழுதுட்டேன் தம்பி."

வாசித்தவரே சொல்லிவிட்டார், இனி ஆலையம்மா யார்? அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். தங்கச்சி வந்துவிட்டாள்.

வருஷத்துக்கு இரண்டு தரம் வருவாள். வந்த காலோடு வீட்டைத் திட்டுவாள். என் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் நான் பாட்டுக் கேட்கிற அறையில் நாற்காலிகூட ஒன்றுதான். தங்கச்சி அந்த அறை வாசலில் நின்று முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணே, இதென்ன ஙீன்னு கத்துது?"

"எது?"

"உனக்குக் கேக்கலையா? ஊசி மாதிரி குத்துதே."

சுவரோரமாகக் குனிந்துகொண்டே போய், மேஜை விளக்கின் அடாப்டரைப் பிடுங்கினாள். "அப்பாடா! இதை எப்படித்தான் சகிச்சுக்கிட்டு இருந்தியோ."

நான் அதை மறுபடி செருகி, காதைக் கிட்டத்தில் வைத்தேன். ஒன்றுமில்லை.

"இப்ப?"

"கத்துது."

பிடுங்கினேன். "இப்ப?"

"இல்ல. என்னண்ணே விளையாட்டு இது, சின்னப் பிள்ளை மாதிரி?"

அந்த விளக்கை வாங்கி நாலு வருஷம். தனியாக இருக்கிறவனுக்குக் காது போனால் அதைச் சொல்வதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் நாடாவைக் குறை சொல்லியிருக்கிறேன். நாடா தேயவில்லை, நான்தான் தேய்ந்திருந்தேன். அதற்கு எண்பத்தெட்டு வயசுப் பியானோக்காரரின் காது கொடுத்த நற்சான்று வேறு. வேலிக்கு ஓணான் சாட்சி.

தங்கச்சி சாயங்காலம் கிளம்பிப் போனாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் காலையில் எழுந்து எதற்குச் சட்டை மாட்டுவது? பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒரு மாசமாவது ஓடும். ஆனால் அந்த இரண்டு பேர் இரண்டு நாளில் வாசித்ததை நான் கெடுத்து, ஆயிரம் வீட்டுக்கு என் எழுத்தைப் போட்டு அனுப்புவதா? மனசு கேட்கவில்லை. போனை எடுத்தேன்.

"அம்மா, நீங்க சொன்னதுதான் சரி. அழுக்கு என் காதுலதான். மேல் சத்தம் எதுவும் எனக்குக் கேக்கல."

அவர் சிரிக்கவில்லை. "டாக்டர்கிட்ட காட்டினீங்களா சார்?"

"டாக்டர் என்னம்மா பண்ணுவாரு, வயசைத் திருப்பித் தருவாரா?"

முதலாளியிடமும் சொன்னேன். "இந்த ஒண்ணை முடிச்சுக் குடுங்க, அப்புறம் பேசலாம்," என்றார். அந்த அப்புறத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மறுபடி வெட்டினேன். எதையும் ஏற்றவில்லை, இறக்கவில்லை. காதை நம்பாமல், மீட்டரின் முள்ளைப் பார்த்துப் பார்த்தே வெட்டினேன். எழுத்தைக் கீற மட்டும் கை வரவில்லை.

பழைய மாதிரித் தட்டுகளில் ஆலையிடம் இரண்டும் முதலாளியிடம் ஒன்றும் இருந்தன. அவற்றை உடைத்துவிட்டார்கள். மிச்சம் பியானோக்காரரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. எனக்கு ஒழுங்காகக் கேட்கிற தட்டு அது ஒன்றுதான். தினம் சாயங்காலம் போட்டுக் கேட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி கூப்பிட்டார்.

"தம்பி, கடைக்கு வர்றதும் இதே மாதிரிதானே?"

அந்த வயசில் ஒரு மனுஷரிடம், பக்கத்தில் வந்து உட்கார்ந்த டிரம்ஸ்காரரை எழுப்பி அனுப்புங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"இதே மாதிரிதாங்கய்யா."

"அப்ப சாக்ஸபோன்காரன் சம்சாரத்துக்கு முதல்ல ஒண்ணு அனுப்பிடுங்க. அந்தம்மாவுக்கும் எண்பத்தஞ்சு ஆச்சு. எதைப் போட்டாலும் மங்கலா கேக்குதுன்னு அவன் ரெக்கார்டையே எடுக்கறதில்லையாம். இதைக் கேட்டா சந்தோஷப்படுவாங்க."

என்னுடையதைத்தான் அனுப்பினேன். வேறு எதை அனுப்ப? தியாகம் கியாகம் எதுவுமில்லை. கட்டுவதற்கு முன் மூன்று தடவை போட்டுக் கேட்டேன். இரண்டு சுற்று அட்டை வைத்துக் கட்டி, விலாசத்தை எழுதி, தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.

புதிய மாதிரித் தட்டு வந்ததும் போட்டுக் கேட்டேன். பியானோ இருந்தது, சாக்ஸபோன் இருந்தது. டிரம்ஸ்காரர் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். ஆலையம்மாவைக் கூப்பிட்டேன்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். ரொம்ப நல்லா இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"சிம்பல் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"அப்படி இல்லம்மா. எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்தார். அப்புறம், "இருங்க சார், போட்டுக்கறேன்," என்றார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"மெல்லிசா ஆரம்பிக்குது சார். தட்டுற மாதிரியே இல்ல, தடவுற மாதிரி. இப்ப சாக்ஸ் வாசிக்கிறவரு மூச்சு வாங்கறாரு. அந்த இடத்துல ஒரே ஒரு தட்டு. அது அப்படியே நிக்குது சார்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "போயிடுச்சா?"

"இன்னும் இல்ல சார்," என்றார்.