சொட்டு மருந்தை யார் கொடுத்தது?

ஹில்லா பால் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு மாதக் குழந்தை. பாட்டிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம் குடித்ததையும் கக்கினாள். மலமும் இறுகிப்போயிருந்தது.

"பல்லு முளைக்குது, வேறொண்ணுமில்ல" என்றாள் என் மனைவி ஐலா. மறுநாள் அவளே, "மத்தியானம் வெளிய தள்ளுவண்டியில தூங்க வெக்கிறியே, குளிர் புடிச்சிருக்கும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பனியில தூங்காம இந்த ஊர்ல எந்தப் புள்ள வளந்துச்சு? நீகூடத்தான் தூங்கியிருக்க."

"அதான் இப்படி இருக்கேன், உன்னைக் கட்டிக்கிட்டு" என்று சொல்லிவிட்டு பஸ் ஓட்டப் போய்விட்டாள்.

அவள் வேலைக்குத் திரும்பி, நான் விடுப்பெடுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் காலம் அது. பின்லாந்தின் வடக்கே, எங்கள் ஓவுலுவில் டிசம்பர் மாதம் மத்தியானமே மசமசவென்றுதான் இருக்கும். ஹில்லாவின் முகம் வாடியிருக்கிறதா, இல்லை வெளிச்சம்தான் அப்படியா என்றுகூடத் தெரியவில்லை. நான் எதையோ தப்பாகச் செய்கிறேன் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது. பயமாக இருந்தது.

குழந்தை நல நிலையத்துக்குப் போன் செய்தேன். "பிள்ளை வாயில போறது எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமா வாங்க" என்றார் நர்ஸ் கெர்ட்டு.

பால் மாவு, கஞ்சி மாவு, வைட்டமின் டி சொட்டு மருந்து, எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினோம். கெர்ட்டு சொட்டு மருந்துக் குப்பியை விளக்கடியில் தூக்கிப் பார்த்தார்.

"இது எப்போ வாங்கினது?"

"போன மாசம். பழைய குப்பி சீக்கிரமே காலியாயிடுச்சு. இவ கீழ கொட்டியிருப்பா."

"நானா? நீதான் கொட்டியிருப்பேன்னு நான் நெனச்சேன்" என்றாள் ஐலா.

"இதுல எத்தனை சொட்டு குடுக்கறீங்க?"

"அஞ்சு. எப்பவும் போல."

"இது வேற மருந்துப்பா. இதுல ஒரு சொட்டுதான். குப்பி மேலயே போட்டிருக்கு." அவர் குரல் மாறிவிட்டது. "சரி, யார் குடுக்கறது?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றாள் ஐலாவும், அதே மூச்சில்.

கெர்ட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

குப்பி எங்கள் வீட்டில் காபி மெஷின் பக்கத்தில்தான் இருக்கும், மறந்துவிடக் கூடாது என்பதற்காக. ஐலா இருட்டோடு எழுந்து காபி போட்டுக் குடித்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்கையில் சின்னக் கரண்டியில் சொட்டு மருந்தும் கொடுத்துவிட்டுப் போவாள். நான் பிறகு எழுந்து என் காபியைக் குடித்துவிட்டு நானும் கொடுப்பேன். விடுப்பு என்னிடம் வந்ததும் சொட்டு மருந்தும் என்னிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவளோ, அது ஒன்றாவது தன் கையில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் ஊரில் காலையில் காபி குடிக்கும் ஆளிடம் யார் பேசுகிறார்கள்?

அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தபோது ஹில்லா வீறிட்டாள். தினம் ஒரு சொட்டுக்குப் பதில் பத்துச் சொட்டு போனதில், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து கூடியிருந்தது. நல்லவேளை, சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை. "சொட்டு மருந்தை நிறுத்துங்க, தானா இறங்கும். நாங்க சொல்றவரைக்கும் திரும்ப ஆரம்பிக்காதீங்க" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை, ஐலா எழுந்த சத்தம் கேட்டு நானும் எழுந்தேன். குப்பியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஹில்லா.

காபிக்குச் சர்க்கரை கலக்கச் சின்னக் கரண்டியை எடுத்தேன். அதைப் பார்த்ததும் ஹில்லா கால்களை உதைத்துக்கொண்டு சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, சொட்டுக்காக வாயைத் திறந்தாள்.

ஐலா அழ ஆரம்பித்தாள். அந்தக் கரண்டியில் நாங்கள் எதைக் கொடுத்தாலும் ஹில்லா அப்படித்தான் வாயைத் திறப்பாள்.