இரண்டு கட்டத்திலும் டிக்

அப்பாவின் இடது கன்னத்தை மகன் சவரம் செய்துகொண்டிருந்தான். வலது கன்னத்தை அவரே முடித்துவிட்டுத்தான் காலை ஆறரைக்கு வாஷ்பேசின் அடியில் சரிந்திருந்தார்.

"பாதியில விட்டா கோபிச்சுப்பாரு," என்று தங்கை துண்டை நீட்டினாள். அழ வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. யார் ஆரம்பிப்பது என்பதுதான் முடிவாகவில்லை.

பத்து மணிக்கு அழைப்புமணி. வாசலில் கோப்பும் கையுமாக ஒரு பெண். மரபணு ஆராய்ச்சி நிலையத்துக்காரி. ரத்தம் எடுக்கிற பிரிவு அல்ல. ரத்தத்தில் தெரிந்ததை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று ஆராய்கிற பிரிவு.

"சாரோட பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட். நேத்து ரெண்டு தடவை ஃபோன் பண்ணி உறுதி பண்ணாரு."

"உள்ளதான் இருக்காரு," என்றான் மகன். "ஆனா பேச மாட்டாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ" என்றாள். போகத் திரும்பினாள்.

"பரவால்ல, சொல்லுங்க."

ரத்தம் கொடுத்த அன்று அப்பா நிரப்பிய படிவத்தைக் காட்டினாள். 'முடிவு எனக்குத் தெரிய வேண்டும்': டிக். 'தெரிய வேண்டாம்': அதிலும் டிக். முப்பது வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து, ஒரு கட்டம் காலி என்றாலும் விண்ணப்பத்தைத் திருப்பி வீசியவர் அப்பா. தன் படிவத்தில் மட்டும் விடுவாரா?

"எதுன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

தாத்தா, பெரியப்பா, இப்போது அப்பா. மூவருமே அறுபதைத் தொடாமல், நெஞ்சைப் பிடிக்கக்கூட நேரமில்லாமல் போனவர்கள்.

"ஒண்ணுமில்லன்னா உங்கள அனுப்பியிருப்பாங்களா?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

அவன் தலையாட்டினான். "நான் எழுதிக் கேட்டா?"

"உங்களுக்குச் சொல்வோம். தங்கச்சிக்கு, அவங்க விரும்பினாதான்."

"அவகிட்ட விருப்பமான்னு கேட்டாலே, ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுடுமே."

"ஆமா சார். அதைத்தான் மூணு வருஷமா ஆராய்ச்சி பண்றோம்."

வெற்றுப் படிவம் ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் இறங்கினாள்.

"யாருண்ணா?" என்று உள்ளேயிருந்து வந்தாள் தங்கை.

"அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க."

"வந்த வேகத்துல போய்ட்டாங்க?"

கீழே வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. லிஃப்ட் இல்லாத மூன்று மாடி. அவன் படிவத்தை மடித்துப் பைக்குள் வைப்பதற்குள் தங்கை கீழே ஓடி, கைக்கு இரண்டாக நாலு நாற்காலியோடு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்துகொண்டிருந்தாள்.

"மெதுவா வா."

"எதுக்கு?"

இறங்கிப் போய் நாலையும் பிடுங்கினான்.

"ஒண்ணாவது குடு. பாரு, உனக்குத்தான் மூச்சு வாங்குது."

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலியை விரித்து, "உக்காரு" என்றான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொன்றை விரித்துத் தானும் உட்கார்ந்தான்.

துக்கத்துக்குப் படியேறி வந்தவர்கள், செருப்பை அங்கேயே கழற்றுவதா வேண்டாமா என்று புரியாமல் வரிசையாக நின்றார்கள்.